விசாரித்துக் குடித்த காப்பி

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். வக்கீல் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வேன், சாட்சி சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். நானாக ஒரு கேள்வி கேட்க அனுமதி இல்லை. சாட்சி என் கண்ணெதிரிலேயே கயிறு திரித்தாலும் வாயை மூடிக்கொண்டு, திரித்ததை அப்படியே மொழிபெயர்க்க வேண்டும். இத்தனை வருஷமாக நான் கேட்காமல் விழுங்கிய கேள்விகள்தான் வயிற்றைக் கெடுத்துவிட்டன என்று என் கணவர் சொல்வார்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சோர்வு, எடைக் குறைவு, ரத்தத்தில் இரும்பு இல்லை, எலும்பு தேய ஆரம்பித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கடைசியில் சீலியாக் என்று பெயர் சொன்னார். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறதாம். அது உள்ளே போனால் என் உடம்பு அதை எதிரி என்று எண்ணித் தன் குடலையே அரித்துக்கொள்ளுமாம். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் அந்தத் தானியங்களைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். நம் ஊரில் இது அபூர்வம் என்றும் சொன்னார். "அபூர்வமா வர்றதெல்லாம் உன்னைத் தேடித்தானே வரும்," என்றார் என் கணவர்.

"எவ்வளவு உள்ளே போனால் ஆபத்து?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சுட்டுவிரல் நுனியை மேசையில் ஒற்றி எடுத்து என்னிடம் காட்டினார். விரலில் ஒன்றுமே தெரியவில்லை. "இதில் ஒட்டியிருக்கும் தூள் போதும்," என்றார். நான் அந்த வெறும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஒரு முழு மனுஷியைப் படுக்கவைக்கும் பலம் இருக்கிறது என்பது எனக்கு அன்று பயத்தைவிடப் பிரமிப்பாகத்தான் இருந்தது.

சோறு தின்கிற நமக்கு என்ன கவலை என்றுதான் முதலில் நினைத்தேன். இட்லி இருக்கிறது, தோசை இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்தான். "காப்பி?" என்றேன். சுத்தமான காப்பியில் பிரச்சினை இல்லை, மணம் சேர்த்த காப்பியில் மட்டும் ஜாக்கிரதை என்றார் டாக்டர். என் குறையே அதுதான். வெறும் காப்பி எனக்கு இறங்காது. ஏலக்காயோ இஞ்சியோ கேரமலோ ஹேசல்நட்டோ, ஏதாவது ஒன்று காப்பியோடு சேர்ந்து மணக்க வேண்டும். அதற்காகவே காலையில் கண் விழிக்கிற ஆள் நான்.

அப்போதுதான் என் விசாரணைகள் ஆரம்பித்தன. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு குளுகுளுக் காப்பிக்கடையில் நின்று, ஹேசல்நட் சிரப் போத்தலைக் காட்டச் சொன்னேன். கல்லாவில் இருந்த பெண் நம்ம பெண்தான். "ஆண்ட்டி, சேஃப்தான் லா, வெறும் நட் ஃபிளேவர்தான்," என்றாள். வாங்கிப் படித்தேன். போத்தல் நிரபராதி. ஆனால் பாலைச் சூடாக்க அவள் கையில் எடுத்த நீராவிக் குழாய், அதற்கு முந்தின நிமிஷம்தான் ஓட்ஸ் பாலுக்குள் முங்கி எழுந்திருந்தது. அந்த ஓட்ஸ் எந்த வயலில் விளைந்தது, பக்கத்து வயலில் கோதுமை விளைந்ததா என்று கேட்டேன். எனக்குப் பின்னால் வரிசை கதவைத் தாண்டிப் போய்விட்டது. "ஆண்ட்டி, நீங்க தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் அந்தப் பெண், நிஜமான பரிவோடு.

பாசிர் ரிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையிலும் இதே கதைதான். அங்கே இஞ்சி போட்டுக் கொடுப்பார்கள். இஞ்சி நல்லது, கோப்பி நல்லது, பால் நல்லது. ஆனால் கடைக்கார அங்கிள் எல்லாவற்றையும் ஒரே தகரக் குவளையில், ஒரே கரண்டியால் கலக்குவார். எனக்கு முன்னால் நின்ற பள்ளிப்பிள்ளைக்கு அதே குவளையில்தான் பார்லி மால்ட் போட்ட சாக்லேட் பானத்தைக் கலக்கினார். குவளையைக் கழுவச் சொன்னேன். "கோப்பி கோப்பிதான் லா," என்றார் அவர், என் மூளையைப் பற்றிக் கவலைப்பட்டவராக. பாக்கெட்டில் வரும் கேரமல் காப்பித்தூள்களில் பாதியின் முதுகில் மால்ட் என்று போட்டிருந்தது, மீதியில் மால்ட் இருக்கலாம் என்று இருந்தது. "உன்கூடக் காப்பி குடிக்க வரணும்னா கையோட வக்கீலையும் கூட்டிட்டு வரணும் போல," என்றார் என் கணவர். நான் வெறும் கறுப்புக் காப்பிக்குப் போனேன். அதைக் குடித்துவிட்டு வேலைக்குப் போன காலைகளை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

இப்போது அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணி என் கணவரின் அக்கா. அதே புளோக்கில் எங்களுக்கு இரண்டு மாடி கீழே தனியாக இருக்கிறார். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், கடைசி மேசை அவருடையது. பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு சாமானையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, பழுதானதை ஒதுக்கித் தள்ளும் வேலை. "என் மேசையத் தாண்டி ஒரு பழுது போனதில்ல" என்று வேலையை விட்ட பிறகும் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னையும் அவர் லென்ஸ் வைத்தே பார்த்தார். நானும் சளைத்தவள் இல்லை.

எனக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் அண்ணி மேலே வந்தார். கையிலிருந்த பழைய தொழிற்சாலை லென்ஸை என் முன்னால் வைத்தார். "பாக்கெட்ல பொடிப்பொடியா எழுதியிருப்பான். உன் கண்ணாடிக்கு ஆகாது. இத வச்சுப் படி," என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதிலிருந்து ஒரு வாரம் கழித்து, காலையில் கதவு மணி அடித்தது. கம்பிக் கதவுக்கு வெளியே அண்ணி, கையில் ஒரு பிளாஸ்க்.

மூடியைத் திருகினேன். என் சமையலறையே மாறிவிட்டது. முதலில் சுக்கு வந்தது, பிறகு வறுத்த மல்லி, ஏலக்காய், மிளகின் காரம், கருப்பட்டி. அதெல்லாம் விலகி வழிவிட, அடியிலிருந்து காப்பி எழுந்து வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கீற்று பெருங்காயம். சுக்குக் காப்பி என்று பெயர் வைத்துக் காப்பித்தூளே போடாத கஷாயத்தை நான் தொடமாட்டேன் என்பது அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. இவர் எப்போது கவனித்தார்? ஆனாலும் பழக்கதோஷம், விசாரணையை ஆரம்பித்துவிட்டேன்.

"எங்க அரைச்சீங்க அண்ணி? தேக்கா பக்கம் மில்லுல கோதுமையும் அரைப்பாங்க."

"மில்லுல யாரு குடுத்தா? மிக்ஸியில அரைச்சேன். ஜார் புதுசு."

"காப்பித்தூள்?"

"சிக்கரிகூட இல்லாதது."

"நீங்க ராத்திரி சப்பாத்தி போடுவீங்களே?" அண்ணிக்குச் சர்க்கரை வியாதி. இரவில் சப்பாத்தி இரண்டு, அதுவும் தன் கையால் பிசைந்து சுட்டதுதான், என்பது அவர் வீட்டுச் சட்டம்.

"அது வேற அடுப்பு, வேற மேடை. நான் என்ன கூறு கெட்டவளா?"

"பெருங்காயம் எதுக்கு?"

"வயித்துக்குத்தான். வாயு சேராது."

அந்தப் பதிலில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? வயிறு சரியில்லை என்றால் மோரில் பெருங்காயம், ரசத்தில் பெருங்காயம், கைக்குழந்தையின் தொப்புளைச் சுற்றிக்கூடப் பெருங்காயம் குழைத்துத் தடவுகிறவர்கள் நாம். என் கணவருக்கு மட்டும் அந்த வாடை ஆகாது. சின்ன வயதில் அக்கா கைச் சமையல் சாப்பிட்டே அலுத்துப்போனதாகச் சொல்வார். அதனால் எங்கள் வீட்டில் அந்த டப்பாவே கிடையாது. அண்ணி வீட்டில் அது ஒரு எவர்சில்வர் டப்பியில் இருக்கும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பிளாஸ்க் வந்தது. ரயிலில் வேலைக்குப் போகும்போது உதட்டில் அந்த ருசி இருக்கும். அப்பாடா, ஒரு கோப்பையாவது பயமில்லாமல் குடிக்கிறோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். நானும் அண்ணியும் ஒரே மேசையில் கால் மணி நேரம் சண்டை போடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்டர் முகம் சரியாக இல்லை. நோயின் அளவைக் காட்டும் எண் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. எங்கிருந்தோ குளூட்டன் உள்ளே போகிறது, அல்லது இது உணவுக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காத பிடிவாத ரகம் என்றார். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். அந்த மருந்துகள் வேறு என்னென்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெளியில் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. வீட்டில் ரொட்டியில்லை, ரவையில்லை. இன்னும் எதைத்தான் விடுவது? பேருந்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

செய்தியை அண்ணியிடம் சொன்னேன். மறுநாள் பிளாஸ்க் இன்னும் நன்றாக மணத்தது.

காப்பிப் பொடி தீர்ந்துபோக, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க இருவரும் தேக்காவுக்குப் போனோம். காய்கறியும் மீனும் விற்கும் ஈரச் சந்தையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு, சாலையைத் தாண்டி அண்ணி வழக்கமாகப் போகும் மளிகைக்கடைக்குள் நுழைந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், தோளோடு தோள் உரசியது. அண்ணி மல்லி விதையைக் கையில் அள்ளி முகர்ந்தார், கீழே போட்டார், அடுத்த சாக்கில் அள்ளினார். சுக்கை ஒடித்துப் பார்த்தார். அவர் பொறுக்கி முடிக்கும்வரை எனக்கு வேலையில்லை. கை சும்மா இருக்குமா? பையிலிருந்து லென்ஸை எடுத்து, அண்ணி கூடையில் போட்டிருந்த பெருங்காயப் பெட்டியின் முதுகைப் படித்தேன். படிக்க வேண்டும் என்று எண்ணிப் படிக்கவில்லை. அந்தக் காலத்தில் என் கையில் எது கிடைத்தாலும் அதன் முதுகைத்தான் முதலில் பார்ப்பேன்.

கோந்து. கோதுமை மாவு. பெருங்காயம்.

திரும்பவும் படித்தேன். பெருங்காயப் பெட்டியில் பெருங்காயமே மூன்றாவதாகத்தான் இருந்தது. கடையின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. கோபம் வரவில்லை. அடேயப்பா, என்றுதான் தோன்றியது. ஊரிலுள்ள காப்பிக்கடைகளையெல்லாம் கூண்டில் ஏற்றினேன், ஓட்ஸ் விளைந்த வயல்வரை போய்க் கேட்டேன். இதுவோ தினமும் மணத்தை முன்னால் அனுப்பி, நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டே என் கோப்பைக்குள் வந்திருக்கிறது. அதுவும் மருந்து என்ற பெயரில்.

"என்ன படிக்கிற?" என்றார் அண்ணி.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதையும் மறைக்காமல், கூட்டாமல், குறைக்காமல் சொல்வதாகச் சத்தியம் செய்தல்லவா சோறு தின்கிறேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. அண்ணி என் கையிலிருந்து பெட்டியையும் லென்ஸையும் வாங்கினார். வேலை பார்த்த காலத்தில் உட்காரும்போது போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு பெட்டியை அலமாரியில் அதே இடத்தில் வைத்தார். கூடையைத் தரையில் வைத்தார். மல்லி, சுக்கு, ஏலம் எல்லாம் அதிலேயே கிடக்க, கடையை விட்டு இறங்கி நடந்தார். லென்ஸ் அவர் கையிலேயே இருந்தது.

ரயிலில் வீட்டுக்குத் திரும்பினோம். "எல்லாப் பெருங்காயத்துலயும் இருக்காதாம் அண்ணி, சிலதுல அரிசி மாவு கலப்பாங்களாம்," என்று போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன். கடைசி நிறுத்தமான பாசிர் ரிஸில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"வயிறு வலிக்குதுன்னு நீ சொன்ன அன்னிக்கெல்லாம்," என்றார், "கூட ஒரு சிட்டிகை போட்டேன்."

மறுநாள் பிளாஸ்க் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கீழே போனால் தலைவலி என்பார், குளிக்கப் போகிறேன் என்பார். கம்பிக் கதவைத் திறக்கமாட்டார். என் கணவர் போனாலும் அதே கதைதான். நான் மறுபடி கறுப்புக் காப்பிக்குப் போனேன். இந்த முறை கசப்பு வாயில் மட்டும் இல்லை. இத்தனை வருஷம் அவரோடு மல்லுக்கு நின்ற எனக்கு, அவர் சத்தம் கேட்காத வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

சில மாதங்கள் கழித்து எடுத்த பரிசோதனையில் எண் இறங்கியிருந்தது. மளமளவென்று இறங்கியிருந்தது. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டார். நான் விரல் நுனியை அவர் மேசையில் ஒற்றி எடுத்துக் காட்டினேன். அவர் சிரித்தார். குழாயும் வேண்டாம், அந்த மருந்தும் வேண்டாம் என்றார். என் குடல் தன்னைத் தானே தைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டதாம். நான் தூங்கும்போதும் சண்டை போடும்போதும் உள்ளே அது பாட்டுக்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது. மருத்துவமனை வாசலில் நின்று வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

நேராக அண்ணி வீட்டுக்குத்தான் போனேன். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியாயிடுச்சு அண்ணி, நம்பர் இறங்கிடுச்சு!" என்று கத்தினேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே வாடியது.

"அப்ப நான் காப்பி குடுக்காம இருந்ததாலதானே?" என்றார்.

நல்ல செய்தி என்று நினைத்து அவருக்கு எதிரான சாட்சியத்தை அல்லவா நானே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்? மின்தூக்கியில் ஏறி மேலே வந்து, பையைக்கூட வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். போயும் போயும் அதைப் போய்ச் சொன்னாயே என்று என் கணவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதன் பிறகு வந்த சனிக்கிழமை, காலையில் கதவு மணி அடித்தது. அண்ணி நின்றார். கையில் பிளாஸ்க். பழையது இல்லை, புத்தம் புதியது, அடியில் விலைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. உள்ளே வந்து மேசையில் வைத்தார். பக்கத்தில் லென்ஸையும் வைத்தார். மூடியைத் திருகி ஊற்றினார். சுக்கு, மல்லி, ஏலம், கருப்பட்டி, காப்பி. அந்தக் கடைசிக் கீற்று மட்டும் இல்லை.

கோப்பையைக் கையில் எடுத்தேன். உள்ளே ஏதோ ஒன்று என்னைப் பிடித்து இழுத்தது. பொய் சொல்லமாட்டேன், பயந்தேன். அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எது நடந்தாலும் நடக்கட்டும், இந்த மனுஷியிடம் இனி ஒரு கேள்வி கேட்கக்கூடாது என்று முடிவு செய்து கோப்பையை உதட்டருகே கொண்டுபோனேன்.

"நில்லு," என்றார் அண்ணி. "என்ன, ஒண்ணும் கேக்கல?"

"கேக்க என்ன இருக்கு அண்ணி?"

"கேளு." குரல் உடைந்தது. "ஊருல இருக்கறவன எல்லாம் கேப்ப, என்னையக் கேக்க மாட்டியா? எப்பவும் கேப்பியே, அப்படிக் கேளு."

கோப்பையைக் கீழே வைத்தேன். என் கண்ணில் நீர் முட்டியது. குரலைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தேன்.

"பெருங்காயம்?"

"டப்பியோட தூக்கிப் போட்டாச்சு."

"மிக்ஸி ஜார்?"

"திரும்பப் புதுசு. வறுத்த சட்டியும் புதுசு."

"மல்லி?"

"முழுசா வாங்கி, பொறுக்கி, மூணு தண்ணி கழுவிக் காய வச்சேன். இத வச்சுத்தான் பொறுக்கினேன்." லென்ஸைத் தொட்டுக் காட்டினார்.

"மல்லிய விதைவிதையாவா பார்த்தீங்க?"

"பின்ன?"

ஒரு படி மல்லி, லென்ஸ் வைத்து. அதற்குத்தான் இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது.

"வீட்டுல கோதுமை மாவு?"

"இல்ல."

"இல்லன்னா? வேற மேடையிலயா?"

"வீட்டுலயே இல்ல."

"அப்ப ராத்திரிக்கு உங்க சப்பாத்தி, அண்ணி?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முந்தானையால் பிளாஸ்க் மூடியைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"குடி," என்றார். "ஆறிப்போகுது."

குடித்தேன்.